லெப்டிஸ் மாக்னாவின் தூண்கள்: வின்ட்சர் பூங்கா நிர்வாகத்தினருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். வின்ட்சர் பெரும்பூங்காவில், வர்ஜீனியா வாட்டர் ஏரியை ஒட்டி நிற்கும் பழந்தூண்களைக் குறித்து எழுதுகிறேன். இன்றைய லிபியாவின் கடற்கரையில் ஃபினீசியர் என்ற பழங்காலக் கடல் வணிகரின் குடியேற்றமாகத் தொடங்கி, ரோமப் பேரரசின் பெருந்துறைமுகங்களில் ஒன்றாக வளர்ந்த லெப்டிஸ் மாக்னாவின் கற்கள் அவை.

ஆலிவ் எண்ணெயால் செழித்த ஊர் அது. பகைவருக்குத் துணைபோன குற்றத்துக்காக ஜூலியஸ் சீசர் அதற்கு விதித்த தண்டமே ஆண்டுக்கு 30 லட்சம் பவுண்டு எண்ணெய். அங்கே கி.பி. 145இல் பிறந்து பேரரசரான செப்டிமியஸ் செவரஸ், பிறந்த ஊருக்குப் மன்றம் எனப்படும் புதிய பொதுச் சதுக்கத்தையும், பசிலிக்கா என்ற பெரிய பொதுக்கூடத்தையும், கலங்கரை விளக்கத்துடன் கூடிய பெரிய துறைமுகத்தையும் கட்டித் தந்தார். அத்துறைமுகம் விரைவிலேயே தூர்ந்துபோனது. கயிறுகள் அதிகம் உராயாததால், கப்பல்களைக் கயிற்றால் பிணைத்து நிறுத்தும் துளைக்கற்கள் தேயாமல் எஞ்சின; பயனற்றுப் போனதே அவற்றுக்குக் காப்பாயிற்று.

தூண்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் நூற்றுக்கணக்கில் ஏற்றிச் சென்றனர். 1816இல் பிரிட்டனின் தூதர் ஹன்மர் வாரிங்டன், திரிப்போலி ஆட்சியாளரின் இசைவோடு அடுத்த தொகுதியைப் பெயர்த்தார். உள்ளூர் மக்கள் எதிர்த்தனர். சில தூண்களை உடைத்தும் போட்டனர். கப்பலில் ஏற்ற இயலாத மூன்று தூண்கள் கடற்கரையிலேயே விடப்பட்டன. ஏற்றப்பட்டவை பிரிட்டிஷ் அருங்காட்சியக முற்றத்தில் சில ஆண்டுகள் கிடந்த பின், நான்காம் ஜார்ஜ் மன்னருக்காகக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி வயட்வில் அமைத்த செயற்கை இடிபாடாக மாறி, ‘அகஸ்டஸ் கோயில்’ என்ற பெயரையும் பெற்றன. ரோமா என்ற தெய்வத்துக்கும் பேரரசர் அகஸ்டஸுக்குமான உண்மையான கோயில் லெப்டிஸின் பழைய மன்றத்தில் இருந்தது என்பது தனி வேடிக்கை.

அவை முறைப்படி வந்த கொடை என்று நீங்கள் கூறலாம். ஊரார் தடுத்தும் ஆட்சியாளர் கொடுத்ததை ஊரின் கொடை என்று என்னால் ஏற்க இயலவில்லை. செவரஸ் தாமாகவே உங்கள் தீவுக்குப் படையெடுத்து வந்து 211இல் யார்க்கில் இறந்தார். தூண்கள் அப்படி வந்தவையல்ல.

லெப்டிஸ் 2016 முதல் யுனெஸ்கோவின் ஆபத்திலுள்ள மரபிடங்கள் பட்டியலில் உள்ளதால், நாளையே கப்பலேற்றுங்கள் என்று கேட்கவில்லை. லிபியத் தொல்லியல் துறையுடன் உரிமை குறித்துப் பேசத் தொடங்குங்கள். அதுவரை, ஒவ்வொரு கல்லின் அளவும் வெட்டுக்குறியும் முப்பரிமாணப் பதிவும் அடங்கிய பட்டியலை அத்துறைக்கு வழங்குங்கள். எந்தக் கல் எந்தக் கட்டடத்தினுடையது என்பதை, அங்கே எஞ்சியிருக்கும் அடிபீடங்களுடனும் கரையில் கிடக்கும் அந்த மூன்று தூண்களுடனும் ஒப்பிட்டு அவர்கள் தேட முடியும்.

இப்படிக்கு,
வரலாற்று ஆர்வலர் ஒருவர்