ஓட்டுக்கு ஒரு ஊர், வண்டிக்கு ஒரு ஊர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளி மாநில நம்பர் போட்ட கார்களை மடக்கி வரி வசூலிக்க வேண்டும் என்று வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். புதுச்சேரியில் யார் வீட்டு முகவரியையோ காட்டிச் சொகுசுக் காரைப் பதிவு செய்துவிட்டு, அதைச் சென்னையில் ஓட்டுகிறவர்களை நினைத்து எழுதியிருப்பார் போல. அவர்களைப் பிடிக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்த வலையில் பஞ்சாப் நம்பரோடு வேலூர் பக்கம் ஓடும் எங்கள் சின்னக் காரும் சிக்குகிறது.

என் கணவர் ராணுவத்தில் ஹவில்தார், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் பிரிவு. எங்கள் ஊர் கம்மவான்பேட்டை. ராணுவப்பேட்டை என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊர் என்பதால், நான் சொல்லப்போவது எங்கள் தெருவில் பலருக்கும் நடந்ததுதான். ஃபீல்டு போஸ்டிங், அதாவது எல்லை போன்ற களப் பணி என்றால் அவர் மட்டும் போவார். பீஸ் ஸ்டேஷன், அதாவது களத்துக்கு வெளியே உள்ள முகாம் கிடைத்தால் இரண்டு மூன்று வருஷம் குடும்பத்தோடு இருக்கலாம். அப்படிப் பஞ்சாபில் இருந்தபோது ராணுவக் கேன்டீன் மூலமாகக் கார் வாங்கி, அங்கேயே மொத்தமாகச் சாலை வரியும் கட்டினோம். அப்புறம் அவருக்கு மலைப்பகுதிக்கு மாற்றல் வந்தது. நானும் பிள்ளைகளும் காரோடு ஊருக்கு வந்துவிட்டோம்.

1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவுப்படி, வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் அந்த மாநில நம்பர் வாங்கியாக வேண்டும். அதற்கு முதலில் பழைய மாநிலத்திலிருந்து 28ஆம் படிவத்தில் தடையில்லாச் சான்று வர வேண்டும். கடன் பாக்கி இருந்தால் பேங்க் சம்மதம் வேண்டும். சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக் கொடுக்க வேண்டும். இங்கே வண்டியின் வயதுக்குத் தக்கபடி மறுபடியும் வரி கட்டி, புது ஆர்.சி.யைக் காட்டி, மிச்ச வருஷங்களுக்கான பழைய வரியை அந்த மாநிலத்திடம் திருப்பிக் கேட்க வேண்டும். இன்சூரன்ஸிலும் ஃபாஸ்டேக்கிலும் நம்பரை மாற்றுவது தனி வேலை.

கவனியுங்கள், முதலில் இங்கே கட்ட வேண்டும், பிறகுதான் அங்கே கேட்க முடியும். ஆக, கொஞ்ச காலத்துக்கு ஒரே காரின் வரிப் பணம் இரண்டு அரசாங்கத்திடமும் இருக்கும். எங்கள் தெரு அக்கா ஒருவர் அப்படி இங்கே கட்டிவிட்டார், வடக்கே கட்டியது இன்னும் வந்து சேரவில்லை. நான் தடையில்லாச் சான்று கட்டத்தையே தாண்டவில்லை. ஆன்லைனில் விண்ணப்பித்தேன். உரிமையாளர் அசல் ஆவணங்களோடு நேரில் வர வேண்டும் என்று பஞ்சாப் போக்குவரத்து ஆபீஸிலிருந்து பதில் வந்தது. உரிமையாளர் இருக்கும் இடத்தில் சில நாள் போனே கிடைக்காது. லீவில் வரும் நாட்களை அந்த ஆபீஸ் வாசலில் கழிக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இதே மனிதரை ஓட்டு விஷயத்தில் சட்டம் எப்படிப் பார்க்கிறது தெரியுமா? 1950ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, படையில் இருப்பவர் வேலைக்குப் போகாமல் இருந்திருந்தால் எந்த ஊரில் வசிப்பாரோ, அந்த ஊர்க்காரராகவே அவரைக் கணக்கில் எடுக்கிறது. எல்லையில் இருந்தாலும் அவர் ஓட்டு எங்கள் தொகுதிக்குத்தான் தபாலில் வருகிறது. கூடவே வசிக்கும் மனைவிக்கும் அந்த உரிமை உண்டு. பெண் அதிகாரிகளின் கணவருக்கும் அது கிடைக்க வேண்டும் என்று 2021இல் சட்டத்தையே திருத்தினார்கள். ஓட்டுப் போட மட்டும் அவர் கம்மவான்பேட்டைக்காரர், கார் வாங்கினால் பஞ்சாப்காரரா?

அமெரிக்காவில் இதை 1940களிலேயே யோசித்திருக்கிறார்கள். உத்தரவின் பேரில் வேறு மாநிலத்துக்குப் போகும் படைவீரர், போன காரணத்தாலேயே வரி விஷயத்தில் அந்த மாநிலத்தவர் ஆகிவிட மாட்டார். சொந்த மாநிலத்தில் வண்டிக்கான கட்டணத்தைக் கட்டியிருந்தால், பணிக்காகப் போயிருக்கும் மாநிலம் அந்த வரியைக் கேட்க முடியாது. 2009இல் அவர்களின் துணைவருக்கும் வசிப்பிடப் பாதுகாப்பு கொடுத்தார்கள். அங்கே வருமான வரியும் பல மாநிலங்களில் தனியாக உண்டு, சிக்கல் பெரிது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. வருமான வரி மத்திய அரசுடையது, லடாக்கில் இருந்தாலும் வேலூரில் இருந்தாலும் ஒன்றுதான். வண்டி வரி மட்டும் அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியலில் 57ஆவதாக உட்கார்ந்திருக்கிறது, அதனால் ஆளுக்கொரு கணக்கு. கர்நாடகம் ஒரு கட்டத்தில் வெளி மாநில வண்டி 30 நாளுக்கு மேல் நின்றாலே ஆயுள் வரி கேட்டது. உயர் நீதிமன்றம் 2016இல் அது செல்லாது என்றது.

"பி.எச். நம்பர், அதாவது பாரத் வரிசைப் பதிவு இருக்கிறதே" என்பீர்கள். 2021 செப்டம்பரில் வந்த நல்ல ஏற்பாடுதான். பாதுகாப்புப் படையினரும் இதை வாங்கலாம். மாநிலம் மாறினாலும் நம்பர் மாறாது. வரியை மொத்தமாகக் கட்டாமல் இரண்டிரண்டு வருஷமாகக் கட்டலாம். 10 லட்சத்துக்குள் விலை என்றால் விகிதம் 8 சதவீதம், டீசலுக்கு 2 கூட. தமிழ்நாட்டில் 2023 நவம்பருக்குப் பிறகு 5 முதல் 10 லட்சம் வரையான புதுக் காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். மாநிலங்கள் பி.எச். நம்பரைக் கண்டு முகம் சுளிப்பது ஏன் என்று புரிந்திருக்கும். பழைய வண்டியையும் இதற்கு மாற்றலாம் என்று 2022 டிசம்பரில் விதி வந்தது. ஆனால் அதற்கும் அதே ஆபீஸ்தான், அதே கவுன்டர்தான். தவணை தேதி தாண்டி ஏழு நாள் ஆனால் தினம் 100 ரூபாய் அபராதம். நெட்வொர்க் இல்லாத இடத்தில் இருப்பவருக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்திருக்க மாட்டார்கள்.

எல்லையில் நிற்கிறார், அதனால் சலுகை கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேன்டீனில் பாதி ஜி.எஸ்.டி.யில் கார் வாங்கியவர்கள் நாங்கள், அதற்குமேல் ஆசைப்படக் கூடாது. ஒரு தடவை முழுதாகக் கட்டிய வரியை இரண்டாம் தடவை கட்டிவிட்டு அலையவிடாதீர்கள் என்பதுதான் கோரிக்கை. பொருட்களுக்கான ஜி.எஸ்.டி.யை மாநிலங்களுக்கிடையே அரசாங்கமே நேர் செய்துகொள்கிறது. வண்டி வரியையும் அப்படியே நேர் செய்யலாமே. இல்லையென்றால், பணியில் இருக்கும் வரை, யூனிட் கொடுக்கும் சான்றின் பேரில் ஒரே மாநிலப் பதிவு செல்லும் என்று 47ஆம் பிரிவில் ஒரு விலக்கு சேர்க்கட்டும்.

அதெல்லாம் டெல்லி வேலை, நாளாகும். மாவட்ட நிர்வாகத்தால் இப்போதே முடிகிற ஒன்று உண்டு. முன்னாள் படைவீரர்களுக்கும் படைவீரர் குடும்பங்களுக்கும் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம் நடத்துகிறார்கள். அதில் போக்குவரத்துத் துறையிலிருந்தும் ஒருவரை உட்காரவைத்து, கணவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதத்தோடு வரும் மனைவியிடம் விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வெளி மாநில ஆபீஸுக்கு எழுத வேண்டியதை அவர்களே எழுதட்டும். நாங்கள் எழுதினால் வராத பதில், அரசு முத்திரையோடு போனால் வரக்கூடும்.

இப்படிக்கு,
ஒரு ஹவில்தாரின் மனைவி,
கம்மவான்பேட்டை, வேலூர் மாவட்டம்.