நீல மச்சம்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவள் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி விட்டபாடில்லை.

சின்னவளின் புறங்கையில் இருக்கும் நீல மச்சத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஏழெட்டு வருஷமாக மிளகு அளவிலேயே இருக்கிறது என்கிறாய். பெரும்பாலும் அது நீல நீவஸாகத்தான் இருக்கும், கெடுதல் செய்யாத கட்டி. ஆனாலும் தோல் டாக்டர் ஒருவர் நேரில் பார்க்கட்டும். வளர்ந்தாலோ புண்ணானாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாதே.

போன வாரம்தான் அப்படி ஒரு மச்சத்தின் துண்டு, நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்ல என் மேஜைக்கு வந்தது. ஸ்லைடில் மேல்தோல் சுத்தமாக இருந்தது. அதற்குக் கீழே, நார்களுக்கு நடுவே, நீள நீளமாகக் கிளைத்த செல்கள். மெலனின் என்ற நிறமி அப்பிக் கிடந்ததில் உட்கருவே தெரியவில்லை. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் வெளுத்த பிறகுதான் கண்ணில் பட்டது: மெலிந்த, அமைதியான உட்கருக்கள். நிம்மதியாக ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன்.

அந்த மச்சத்தில் நீலச் சாயம் எதுவும் கிடையாது. மெலனின் பழுப்புதான். அது ஆழத்தில் இருப்பதால் சிவப்பு ஒளி உள்ளே போய் அங்கேயே அடங்கிவிடுகிறது, நீலம் மட்டும் சிதறித் திரும்பி வருகிறது. நம் ஊர்க் குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே இடுப்புக்குக் கீழே தெரியும் நீலத் திட்டும் இப்படித்தான்.

சரி, மேல்தோலுக்குப் போக வேண்டிய நிறமிச் செல் அவ்வளவு ஆழத்தில் என்ன செய்கிறது? நீ விலங்கியல் வாத்தியார், கருவின் முதுகுப் பக்கத்தில் உருவாகி உடலெங்கும் நகர்ந்துபோய் நிறமிச் செல்களையும் தரும் நரம்பு முகட்டைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காடைக் கருவின் செல்களைக் கோழிக் கருவில் வைத்து பிரெஞ்சுக் கருவியலாளர் நிக்கோல் லெ துவாரென் பின்தொடர்ந்தாரே, அதே செல்கள். தோலுக்கு அடியிலேயே நகர்ந்து வருகின்றன என்றுதான் நாம் படித்தோம். 2009-இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் இன்னொரு வழியைக் காட்டினார்கள். நரம்பைப் பிடித்துக்கொண்டே வரும், நரம்புக்கு உறையாகும் ஸ்வான் செல்லின் முன்னோடிகளும் தோலில் நிறமிச் செல்லாக மாறுகின்றன! நீல நீவஸின் செல்கள் நரம்பைச் சுற்றிக் கிடப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவற்றில் சிலவாவது அந்த வழியாக வந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதே வருஷம் இன்னொன்றும் வெளிவந்தது. சாதாரண பழுப்பு மச்சத்தில் பெரும்பாலும் பிராஃப் மரபணு மாறியிருக்கும். நீல நீவஸில் கதையே வேறு: அந்த ஆய்வில் 83 சதவீதத்தில் மாறியிருந்தது ஜிஎன்ஏக்யூ என்ற மரபணு. கண்ணுக்குள் வரும் மெலனோமா என்ற நிறமிச் செல் புற்றுநோயிலும் 46 சதவீதத்தில் அதே மரபணு. கண்ணின் நடுப்படலத்துச் செல்லும் மேல்தோலுக்கு வராத செல்தானே. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. இதைக் கேட்டு நீ கலங்காதே, அந்த மாற்றம் மட்டும் இருந்தால் புற்றுநோய் ஆகிவிடாது.

அப்புறம், டாக்டர் எடுக்கச் சொன்னால் ஸ்லைடை வாங்கி எனக்கு அனுப்பு. நானும் ஒருமுறை பார்க்கிறேன். குட்டிக்கு என் அன்பு.

உன்,
ராமு