கரையில ஒதுங்குற பிளாஸ்டிக்கை எங்க பிள்ளைங்க மாசாமாசம் கணக்கெடுக்க உத்தரவு கேட்டு கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில்.

வணக்கம். நான் குளச்சலுக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் இடையில ஒரு கடற்கரை ஊர்ல இருக்கேன், எங்க ஊர் அரசு பள்ளிக்கூடத்து மேலாண்மைக் குழுவுல மெம்பர், வீட்டுக்காரர் கடல் தொழிலுக்கு போறவரு. திங்கட்கிழமை மனு நாள்ல ரோடு, தண்ணி, பட்டான்னு உங்ககிட்ட குவியும்னு தெரியும், நான் கேக்குறதுக்கு பெரிய செலவு இல்ல, தயவுசெஞ்சு முழுசா படிங்க.

2025 மே 25-ஆம் தேதி கொச்சி கடல்ல எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் 640 கண்டெய்னரோட மூழ்குச்சு. கொஞ்ச நாள்லயே நம்ம மாவட்டத்து கரையில வெள்ளை வெள்ளையா குருணை ஒதுங்குச்சு. லீவுல இருந்த என் பொண்ணு கை நிறைய அள்ளிட்டு வந்து, "அம்மா, யாரோ ஜவ்வரிசி மூட்டையை கடல்ல கொட்டிட்டாங்க"ன்னு காட்டுனா, எனக்கும் அது என்னன்னு சொல்லத் தெரியல. அப்புறம்தான் அது பிளாஸ்டிக் குருணை, அதுக்கு பேரு நர்டில், குடம் பக்கெட்டு கவர் எல்லாம் இதை உருக்கித்தான் செய்யுறாங்கன்னு தெரிஞ்சுது. 2021-ல கொழும்பு பக்கம் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிஞ்சப்போ இலங்கை கரையில குவிஞ்சதும் இதுதான். நம்ம கரையிலயும் ஆளுங்க வந்து சல்லடை போட்டு சலிச்சு அள்ளினாங்க, அதுக்கு மனசார நன்றி. ஆனா எங்க ஊர்ல அதுக்கப்புறமும் மணலை கிண்டினா கையில தட்டுப்பட்டுச்சு. எவ்வளவு மிச்சம், எந்த மாசம் கூடுதலா ஒதுங்குது, எந்த ஊர்ல அதிகம்னு கேட்டா எங்க ஊர்ல யாருகிட்டயும் கணக்கு இல்ல. அதைத்தான் பிள்ளைங்க எடுக்கட்டும்னு கேக்குறேன்.

ஒரு வருஷம் எங்க ஊர்ல கடற்கரை சுத்தம் பண்ற நிகழ்ச்சி நடந்துச்சு, யாரு நடத்தினாங்கன்னு குறை சொல்ல வரல. பிள்ளைங்க வெயில்ல ரெண்டு மணி நேரம் பொறுக்கி சாக்குல கட்டி வச்சாங்க, போட்டோ எடுத்தாச்சு, சாக்கை எடுக்க வண்டி வரல, கடல் ஏறுன அன்னைக்கு அவ்வளவும் திரும்ப தண்ணிக்குள்ள போயிடுச்சு. மறுநாள் அதை பாத்த பிள்ளைங்க முகத்தை நான் இன்னும் மறக்கல.

சுத்தம் பண்றது மட்டும் போதாது. அளந்து வச்ச 100 மீட்டர் கரை, மாசத்துல ஒரு நாள், அதே இடம், அதே மாதிரி எண்ணணும். கிடைக்கிறதை வகை பிரிச்சு நோட்டுல எழுதணும், குருணைக்கு ஒரு மீட்டர் சதுரத்துல மேல்மணலை எடுத்து உப்புத்தண்ணி பக்கெட்டுல போட்டு கலக்கினா போதும், மணல் அடியில போயிடும், குருணை மிதக்கும். எட்டாம் கிளாஸ் பிள்ளைக்கு அடர்த்தி பாடம் இதைவிட நல்லா எப்படி புரியும்? கரையில பாட்டில் மூடி ஏன் இவ்வளவு கிடக்குதுன்னா மூடி செய்யுற பிளாஸ்டிக் லேசு, மிதக்கும், பாட்டில் செய்யுற பிளாஸ்டிக் கனம், மூடி இல்லன்னா பாட்டில் அடியில போயிடும், அப்போ நாம கரையில பாக்குறது மட்டுமே மொத்த குப்பை இல்ல, இது அவங்களே கண்டுபிடிக்கக்கூடிய விஷயம். கவர்ல உள்ள கம்பெனி பேரும் தேதியும் எழுதி வச்சா, வெளிநாட்டு கப்பல்ல இருந்து வந்தது எது, ஏ.வி.எம். கால்வாய் வழியாவும் குழித்துறை ஆறு வழியாவும் நம்மளே கடலுக்கு அனுப்புறது எதுன்னு ஓரளவு தெரியும். அறுந்த வலை எங்க ஆளுங்க விட்டதுதான், அதையும் மறைக்காம எழுதட்டும். வீட்டுல நான் சொன்னா கேக்காத மனுஷன் மகள் நோட்டை நீட்டினா கேப்பாரு.

அதனால, கடலோர பள்ளிக்கூடங்க எல்லாத்துலயும் தேசிய பசுமைப் படை, சுற்றுச்சூழல் மன்றம் மூலமா இதை நடத்த முதன்மைக் கல்வி அலுவலருக்கு நீங்க உத்தரவு போடணும். கையுறை, சல்லடை, பக்கெட்டு, நோட்டு, இதுக்கு ஒரு சின்ன தொகை போதும். எப்படி எண்ணணும்னு டீச்சர்மாருக்கு ஒரு நாள் பயிற்சி கொடுக்க பள்ளிக்கரணையில இருக்கிற தேசிய கடலோர ஆராய்ச்சி மையத்தை கேட்டா நல்லது, அவங்க கடற்கரை குப்பையை ஆய்வு பண்றவங்கதான். ஆனி ஆடியில கடல் சீறும்போது பிள்ளைங்களை அலை பக்கம் விடவே கூடாது, அந்த ரெண்டு மாசம் மேட்டுமணல்ல மட்டும் பாக்கட்டும். ஊசி, மருந்து பாட்டில், எண்ணெய் படிஞ்சது எதையும் அவங்க தொடக்கூடாதுன்னு உத்தரவுலயே எழுதிடுங்க. எண்ணி முடிச்ச அன்னைக்கே குப்பை எடுக்க பஞ்சாயத்து வண்டி வந்தாகணும்.

கடைசியா, மீனவர் குறைதீர்க்கும் கூட்டத்துல பிள்ளைங்க அந்த நோட்டை எடுத்துட்டு வந்து படிக்க பத்து நிமிஷம் ஒதுக்குங்க, மீன்வளத் துறை, மாசு கட்டுப்பாட்டு வாரியம், பஞ்சாயத்து அதிகாரிங்க எல்லாரும் அங்க இருக்கும்போதே. எந்த இடத்துல வலைகுப்பை போட தொட்டி வேணும், கால்வாய்ல எந்த பாலத்துக்கு கீழ தடுப்பு வலை கட்டணும்னு அவங்க கேட்டா, செய்வோம் இல்லன்னா ஏன் முடியாதுன்னு அடுத்த கூட்டத்துக்குள்ள எழுத்துல பதில் கொடுக்கணும். எங்க ஊர் பள்ளிக்கூடத்துல முதல்ல ஆரம்பிக்க நாங்க ரெடி, பெற்றோர் பத்து பேர் கூட நிக்குறோம்னு கையெழுத்து போட்டு இதோட இணைச்சிருக்கோம்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் மற்றும் பெற்றோர்கள்