பொது ஏரியல் சீரமைப்பு: பணி நிறைவு அறிக்கை

அன்புடைய உறுப்பினர்களுக்கு, மண்டபக் கூரையில் ஏரியல் வேலை முடிந்தது. டிவி ஒளிபரப்புக் கோபுரம் இருக்கும் ஜெராய் மலையைப் பார்த்து நிற்கும் புதிய கம்பம், புதிய கேபிள். மண்டபத்திலும் ஏழு வீடுகளிலும் இலவச டிஜிட்டல் டிவியான மைடிவி தெளிவாக வருகிறது; டிவி2 தமிழ்ச் செய்தியும்தான்.

இனி, புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் எங்களைக் காய்ச்சிய விஷயம்: ஏரியல் சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர். அது எத்தனை மடங்கு பெருக்கும் என்பதை டெசிபலில் சொல்வார்கள்; நாங்கள் வாங்கியது 25 டெசிபல். "கடையில் 40 டெசிபல் பூஸ்டர் மலிவாகக் கிடைக்கும்போது, 25 டெசிபலுக்கு இரு மடங்கு பணமா?"

அந்த 40 டெசிபலைத்தான் முதலில் வந்த குத்தகையாளர் மாட்டினார். அதுவும் கூரையேறாமல், மண்டப அலமாரிக்குள். மைடிவி டிகோடர் பெட்டி காட்டும் சிக்னல் வலிமைப் பட்டை முட்ட நின்றது, தரப் பட்டை பாதிகூட இல்லை. படம் கட்டம் கட்டமாக உடைந்தது. "சிக்னல் ஃபுல்லா இருக்கு, உங்க டிவிதான் கோளாறு" என்றார். எட்டு டிவியுமா?

காரணம் பின்னால் இருக்கும் செல்பேசிக் கோபுரம். டிவி அலைவரிசை 694 மெகாஹெர்ட்ஸோடு முடிகிறது. அதற்கு மேல் 700 பட்டையில் செல்பேசியின் 5ஜி. மலிவு பூஸ்டர் 862 வரை வருவதையெல்லாம் வாரிப் பெருக்கியதில் தானே திணறிப்போனது. பெரிய எண் எழுதியிருந்தால் நல்ல பூஸ்டர் என்பது கடைக்காரர் கணக்கு. நம் கணக்கு வேறு: 60 மீட்டர் கேபிளில் சுமார் 11 டெசிபல் போகும், சிக்னலை எட்டு இடத்துக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டரில் இன்னொரு 11. ஆக 25 போதும். நாங்கள் பணம் கொடுத்தது 5ஜியைத் தடுக்கும் ஃபில்டருக்கும், பூஸ்டர் தானாகச் சேர்க்கும் இரைச்சல் 2 டெசிபலுக்குள் அடங்குவதற்கும். ஏரியலுக்கு அடியிலேயே கம்பத்தில் மாட்டியதும் வேண்டுமென்றுதான். கேபிளில் இறங்கும்போது தேய்ந்த சிக்னலைக் கீழே பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.

அப்புறம் அந்த முதல் குத்தகையாளர் முழுக்கூலி கேட்டு மண்டப வாசலில் போட்ட சத்தம் தெருவுக்கே தெரியும். கம்பம், கேபிள் வேலைக்கு உரியதைக் கொடுத்தோம். பூஸ்டரைத் திருப்பிக் கொடுத்து, அதற்கான கூலியை நிறுத்தினோம். இதில் செயலவை ஒரே முடிவாக இருந்தது. ஆள் மாற்றியதில் செலவு 180 வெள்ளி (ரிங்கிட்) கூடியது. ரசீதுகள் அறிவிப்புப் பலகையில் இருக்கின்றன, கேள்வி உள்ளவர்கள் முதலில் அவற்றைப் பார்க்கவும்.

கட்டண டிவியான ஆஸ்ட்ரோ போடலாமே என்றவர்களுக்கு: மாதக் கட்டணத்தை யார் கட்டுவது?

கம்பம் லோரி அண்ணன் குடும்பம் தந்தது. கேபிள், பள்ளியின் முன்னாள் தலைமையாசிரியர். சிமெண்டு, கோயில் இளைஞர்கள். ஏணியும் இரண்டு நாள் சாப்பாடும் கடைசி வீட்டு அக்கா. பூஸ்டரில் பாதிப் பணம், பெயர் போட வேண்டாம் என்ற செம்பனைத் தோட்டத்து ஐயா. அனைவருக்கும் நன்றி.

ஒன்று மட்டும்: கம்பத்துப் பூஸ்டருக்கு மின்சாரம் மண்டபத்திலிருந்து கேபிள் வழியாகவே ஏறுகிறது. விசேஷம் முடிந்து போகும்போது சிவப்பு ஒட்டு போட்ட சுவிட்சை அணைத்துவிடாதீர்கள். போன வெள்ளிக்கிழமை யாரோ அணைத்து, எட்டு இடத்திலும் படம் போனது.