அந்தப் பிள்ளைக்கு ஓர் ஆதரவு நபர் வேண்டும்

எங்கள் மாவட்டக் குழந்தைகள் நலக்குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் வரும் வழக்கில், பாதிக்கப்பட்ட குழந்தைக்கு ஆதரவு நபரை, அதாவது விசாரணையிலும் நீதிமன்றத்திலும் கூடவே துணை நிற்கும் ஒருவரை, ஏற்பாடு செய்யும் பொறுப்பு 2020 விதிகளின்படி உங்களுடையது. பெற்றோர் கேட்டால் பார்க்கலாம் என்று விட்டுவிடக் கூடாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எங்கள் தெருப் பிள்ளைக்கு இன்றுவரை யாரும் வரவில்லை. இப்படி ஒரு உதவி உண்டு என்பதே அவள் அம்மாவுக்கு நான் சொல்லித்தான் தெரியும்.

போன வாய்தாவுக்கு நானும் கூடப் போனேன். சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படக் கூடாது என்கிறது 36-ஆம் பிரிவு. உள்ளே அதற்குத் திரை இருக்கிறது, சரி. வெளியே தாழ்வாரத்தில் என்ன இருக்கிறது? எதிர் பெஞ்சிலேயே அந்த ஆளின் வீட்டார். அதில் ஒரு பெண் எழுந்து வந்து, "நாளைக்கு உம் பொண்ணுக்குக் கல்யாணம் காட்சி ஆக வேணாமா? பேசி முடிச்சுக்கலாம்" என்று அம்மாவிடம் சொன்னார். பிள்ளை துப்பட்டாவை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கழிவறைக்குப் போக அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அதற்குப் பயந்தே மதியம்வரை அவள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. கடைசியில் வழக்கைத் தள்ளி வைத்தார்கள். அம்மாவுக்கு அன்றைய கூலியும் போச்சு.

அந்த இடத்தில் ஆதரவு நபர் ஒருவர் இருந்திருந்தால் அந்தப் பெண் கிட்டே வந்திருப்பாரா?

2019-இல் சட்டத்தைத் திருத்தி மரண தண்டனை வரை கொண்டுவந்தார்கள். ஒரு கொடுமை செய்தியில் வந்தால் தூக்கில் போடு என்று ஊரே கத்துகிறது. அப்புறம் வழக்கு இழுக்கிற காலமெல்லாம் அந்தப் பிள்ளை பக்கத்தில் யார் உட்காருவது என்று கேட்க நாதியில்லை. சாப்பாட்டுக்கும் பஸ் செலவுக்கும் உடனடி உதவித்தொகை தரச் சொல்லிப் பரிந்துரைக்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. படிக்காத ஒரு கூலித் தொழிலாளிக்கு அதை யார் எடுத்துச் சொல்வது?

கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். அடுத்த வாய்தாவுக்கு முன்னால் இந்தப் பிள்ளைக்கு ஆதரவு நபரை நியமித்து, நீதிமன்றத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். இனி வரும் வழக்குகளில், போலீஸ் 24 மணி நேரத்துக்குள் உங்களுக்குத் தகவல் தர வேண்டுமே, அது வந்த அன்றைக்கே நியமியுங்கள்.

பிள்ளை யாரென்று வெளியே தெரியக் கூடாது என்பதால் பெயரும் ஊரும் இங்கே எழுதவில்லை. அவள் அம்மா கொடுத்த மனு உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. தயவுசெய்து அதை எடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
அதே தெருவில் குடியிருக்கும் ஒருத்தி