பதினைந்தாம் நம்பரின் பதில்

ஹட்டன்
2025 ஜூலை 6, ஞாயிறு

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வாட்ஸ்அப் இருக்கும்போது இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று என் மகள் சிரிக்கிறாள். போனில் உன்னோடு சண்டை மட்டும்தான் போட முடிகிறது, நீ என்னை ஒரு வசனம் முடிக்க விடுவதில்லை என்று சொன்னேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மா வேலையை விட்டுப் பத்து வருடமாகியும் தோட்டத்துப் பெரட்டு (காலையில் ஆள் கூப்பிடும்) நேரத்துக்கு எழும்பி, இருட்டில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மழை விட்டபாடில்லை. காசல்ரீ நீர்த்தேக்கத்துப் பக்கம் போனால் எதிர்க்கரை தெரிவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கூடைப்பந்தில் பெஞ்ச் பலம், அதாவது மாற்று ஆட்டக்காரர்களின் பலம், எல்லாம் டிசம்பர் மாதத்துப் பேச்சு, ஜூனில் இறுதித் தொடர் வந்தால் நட்சத்திரம்தான் ஜெயிக்கும் என்று எழுதியிருக்கிறாய். என்.பி.ஏ.யில் உன் டொரொண்டோ ராப்டர்ஸ் இந்த முறை 30 ஆட்டம் மட்டும் வென்ற எரிச்சலில் எழுதியிருப்பாய். இருந்தாலும் ஸ்கார்பரோவில் உட்கார்ந்துகொண்டு, அதுவும் 2019இல் ராப்டர்ஸ் கோப்பை வென்றதைக் கண்ணால் பார்த்த நீ இப்படி எழுதலாமா?

ஒரு ஆட்டம் 48 நிமிடம். களத்தில் ஐந்து பேர். ஆக மொத்தம் 240 நிமிடம். நட்சத்திரத்தை 40 நிமிடம் ஓடவிட்டாலும் மீதி 200 நிமிடத்தை வேறு யாராவது ஆடித்தான் ஆகவேண்டும். அந்த வருடம் உங்கள் நட்சத்திரம் காவாய் லெனார்ட் 82 ஆட்டத்தில் 60 மட்டுமே ஆடினார். அவர் இல்லாத 22 ஆட்டத்தில் உன் அணி 17ஐ வென்றது. அந்த 17 இல்லாவிட்டால் அவருடைய முழங்காலுக்கு ஓய்வு ஏது?

உன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். அதற்கு முந்திய வருடம் ராப்டர்ஸின் இரண்டாவது ஐவரைப் பார்த்து ஊரே கொண்டாடியது. வான்விலீட், டெலான் ரைட், சியாகம், பெர்டல் என்று பெஞ்சிலிருந்து எழும்பி வந்தவர்கள் மற்ற அணிகளின் பெஞ்சைப் புரட்டி எடுத்தார்கள். 59 வெற்றி. அப்புறம் பிளேஆஃப் என்ற வெளியேற்றச் சுற்றில் கிளீவ்லண்டின் லெப்ரான் வந்தார், 0–4 என்று தோற்றீர்கள். காரணம் லேசானதுதான். சாதாரண நாளில் நம் இரண்டாவது ஐவர் மோதுவது எதிராளியின் இரண்டாவது ஐவரோடு. பிளேஆஃப் வந்தால் எதிராளி தன் முதல் ஐவரைக் களத்தை விட்டு இறக்குவதே இல்லை. எட்டுப் பேர், மிஞ்சினால் ஒன்பது பேர், அவ்வளவுதான் ஆட்டம்.

ஆனால் எந்த எட்டுப் பேர் என்று டிசம்பரில் யாருக்குத் தெரியும்? 2019 ஏப்ரலில் அனுனோபிக்குக் குடல்வால் அறுவைச் சிகிச்சை. பிளேஆஃப் முழுக்க ஆடவில்லை. அப்படி ஒன்று நடக்கும் என்று எந்தப் பயிற்சியாளர் எழுதி வைத்திருந்தார்? இன்னொன்றையும் நீ மறந்துவிட்டாய். அந்தப் பெஞ்ச் ஒரு சேமிப்பு மாதிரி. காவாயைக் கொண்டுவர டிரோசனோடு பெர்டலையும் கொடுத்தார்கள். கசோலைக் கொண்டுவர வலன்சியூனாஸோடு ரைட்டையும் கொடுத்தார்கள். கையில் ஆள் இல்லாதவன் எதைக் கொடுத்து எதை வாங்குவான்? (பெர்டல் 2023இல் உங்களிடமே திரும்பி வந்தது எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.)

வான்விலீட்டைப் பற்றி நான் சும்மா விடமாட்டேன் என்று உனக்குத் தெரியும். 2016 டிராஃப்டில், அதாவது அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்யும் நாளில், 60 பெயர் கூப்பிட்டார்கள், அதில் அவர் பெயர் இல்லை. 2019 பிளேஆஃபில் பிலடெல்ஃபியாவோடு ஆடியபோது அவர் எறிந்த பந்து வளையத்துக்குள் போகவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. பயிற்சியாளர் நர்ஸ் அவருடைய நிமிடங்களைக் குறைத்தாரே தவிர ஒரேயடியாக உட்கார வைக்கவில்லை. மில்வாக்கித் தொடரின் நடுவில் மகன் பிறந்தான். அதற்குப் பிறகு மூன்று ஆட்டத்தில் 17 மூன்று-புள்ளி எறிந்து 14 விழுந்தது. இங்கே இருந்தால் பிள்ளை பிறந்த அதிர்ஷ்டம் என்று பாட்டிகள் சொல்லி முடித்திருப்பார்கள். எனக்கு என்னவோ, மோசமாக ஆடிய நாட்களிலும் களத்துக்கு அனுப்பினார்களே, அதுதான் பெரிதாகத் தெரிகிறது. இறுதித் தொடரில் முழங்கை பட்டுக் கண்ணுக்குக் கீழே கிழிந்து, பல்லும் உடைந்தது. ஆறாவது ஆட்டத்தில் 22 புள்ளி, அதில் 12 கடைசிக் கால்பகுதியில். நீ அரங்கத்துக்கு வெளியே கூட்டத்தோடு நின்று கத்தினாய். எனக்கு இங்கே வெள்ளிக்கிழமை காலை. டை கட்டியபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்து பஸ்ஸைத் தவறவிட்டேன்.

நீ அனுப்பிய புள்ளிப் பட்டியலைப் பார்த்தபோது அம்மாவின் அரைப்பேர்தான் ஞாபகம் வந்தது. பறித்த கொழுந்தில் கிலோ குறைந்தால் கணக்கப்பிள்ளை தயங்காமல் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போட்டுவிடுவார். தராசு கொழுந்துக்கு மட்டும்தான். அப்பா வெட்டிய கானை (வடிகாலை) யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை. கான் அடைத்த வருடம் லயத்துக் குசினிச் சுவர் வரைக்கும் மண் வந்து நின்றது உனக்கும் ஞாபகம் இருக்கும். நம் ஆளை விரட்டுபவனை மறிக்க ஸ்கிரீனுக்கு அசையாமல் நிற்பது, எதிராளியை முதுகால் தள்ளி, கூடையில் விழாமல் திரும்பும் பந்துக்கு (ரீபவுண்டுக்கு) இடம் பிடிப்பது, பாய்ந்து வருபவனுக்கு எதிரே நின்று இடி வாங்குவது எல்லாம் அந்தக் கான் வெட்டு வகை. நீ அனுப்பிய தாளில் இதற்கெல்லாம் இடமே இல்லை.

ஸ்டீவ் கெர் இதை அறிந்தவர். 1997 இறுதித் தொடரில் சிகாகோவின் ஜோர்டானை இரண்டு பேர் மறித்தபோது பந்தை வாங்கிப் போட்டவர் அவர்தான். அன்றைக்கு அவர் பெஞ்சிலிருந்து வந்தவர். 2015இல் அவரே கோல்டன் ஸ்டேட் அணியின் பயிற்சியாளர். இறுதித் தொடரில் 1–2 என்று பின்தங்கியபோது, அந்த வருடச் சாதாரண ஆட்டங்களில் ஒருமுறைகூட முதல் ஐவரில் இறங்காத இக்குவோடாலாவை முதல் ஐவரில் இறக்கினார். அடுத்த மூன்று ஆட்டமும் அவர்களுக்கு. தொடரின் சிறந்த வீரர் விருது இக்குவோடாலாவுக்கு.

இனி நம் கதை. அந்தக் கண்டி இறுதி ஆட்டத்தைப் பற்றி இருபத்தைந்து வருடமாக நீ கிண்டல் பண்ணுகிறாய். நீ நாலாம் நம்பர், கப்டன். நான் பதினைந்து, கடைசிச் சட்டை. அந்தப் போட்டித் தொடர் முழுக்க நான் எழும்பியது தண்ணீர் போத்தல் கொடுக்கத்தான். ஐந்தே பேரை வைத்து முடித்துவிடலாம் என்று நம் மாஸ்டர் நினைத்தார். உனக்கு ஐந்தாவது ஃபவுல் விழுந்து நீ வெளியே போனபோது மூன்று நிமிடம் மிச்சம் இருந்தது. என் கால் விறைத்துப் போயிருந்தது. எனக்கு வந்த முதல் பந்து கையில் பட்டு வெளியே போனது. ஒரு புள்ளியில் தோற்றோம். ரயிலில் நானுஓயா வரைக்கும் வருபவர்கள்கூட, ஹட்டனில் நான் இறங்கும் வரைக்கும், என்னோடு பேசவில்லை. மாஸ்டர் மீது எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது. முந்திய ஆட்டங்களில் இரண்டிரண்டு நிமிடம் தந்திருந்தால் நான் ஜெயிக்க வைத்திருப்பேன் என்று சொல்லவில்லை. பந்தையாவது பிடித்திருப்பேன்.

இப்போது நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பெண் பிள்ளைகளின் அணி. பன்னிரண்டு சட்டை இருக்கிறது, எட்டுப் பேர்தான் தேறுகிறார்கள். திறமை இல்லாமல் இல்லை, பஸ் இல்லாமல். மூன்றரை பஸ்ஸை விட்டால் பொகவந்தலாவைப் பக்கத்துப் பிள்ளைகள் வீடு போய்ச்சேர இருட்டிவிடும். எங்கள் பெஞ்ச் பலத்தைப் பஸ் நேரம்தான் தீர்மானிக்கிறது.

எட்டாவது பிள்ளைக்கு ஓட்டம் போதாது, எறிவது இன்னும் மோசம். ஆனால் கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே போடச் சொன்னால் அவளைவிட நிதானமான ஆள் இல்லை. ஐந்து வினாடியில் நான்கை யோசிக்கவே எடுத்துக்கொள்வாள். ஆட்டம் எப்படிப் போனாலும் முதல் பாதியிலேயே அவளுக்கு நான்கு நிமிடம் என்று வைத்திருக்கிறேன். மற்றப் பிள்ளைகளின் வீட்டில் முணுமுணுப்பு உண்டு.

போன மாதம் இறுதித் தொடரில் இந்தியானாவின் மூன்றாவது ஆட்டத்தைப் பார்த்தாயா? பெஞ்ச் மட்டும் 49 புள்ளி, ஓக்லஹோமா பெஞ்ச் 18. மத்துரின் 27 எடுத்தார். எனக்குப் பிடித்தது மெக்கானல். அவரையும் டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. எதிராளி அசட்டையாக உள்ளே போட்ட பந்தையெல்லாம் ஓடிப்போய்ப் பறித்தார். அந்தத் துண்டை என் எட்டாவது பிள்ளைக்குக் காட்டினேன். மெக்கானலை மெச்சுவாள் என்று பார்த்தால், "போடுற ஆள் பார்க்காமப் போடுறாங்க சேர்" என்றாள்.

கடைசியில் ஓக்லஹோமாதானே வென்றது என்று சொல்ல வருவாய். வென்றது. ஏழாவது ஆட்டத்தின் தொடக்கத்திலேயே இந்தியானாவின் நட்சத்திரம் ஹாலிபர்ட்டனின் குதிகால் தசைநார் அறுந்தது. மெக்கானல் மூன்றாம் கால்பகுதியில் மட்டும் 12 புள்ளி எடுத்தும் 103–91 என்று முடிந்தது. ஆனால் ஜெயித்த அணியில் காருசோவும் டோர்ட்டும் எங்கிருந்து வந்தார்கள் என்று போய்ப் பார். அவர்கள் பெயரையும் டிராஃப்டில் யாரும் கூப்பிடவில்லை.

அங்கிருந்து யாராவது வந்தால் கூடைக்கு இரண்டு வலை கொடுத்தனுப்பு. பந்து இருக்கிறது. இங்கே வாங்கும் வலை ஒரு மழைக்காலம் தாங்குவதில்லை. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
15

பி.கு. அந்தப் பந்து என் கைக்கு வந்தபோது ஈரமாக இருந்தது. கண்டியில் அன்றைக்கு மழையே இல்லை என்று சொல்வாய். அது உன் வியர்வை.