கணினிக் கூடத்திலிருந்து ஈர்ப்பலை தேடலாம், மின்பட்டியலையும் பார்த்துக்கொண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஈர்ப்பலை, அதாவது வெளியையே நெளியச் செய்து பரவும் அலை, என்றாலே நம் பத்திரிகைகளில் கருந்துளைகள் மோதிய செய்திதான். 2015 செப்டெம்பர் 14இல் அமெரிக்காவின் லைகோ கருவிகள் பிடித்த முதல் அலை கால் விநாடிக்குள் அடங்கிவிட்டது. ஓயாமல் முரலும் இன்னொரு வகையும் உண்டு. வெடித்த பெரிய விண்மீனின் இறுகிய எச்சமான நியூத்திரன் விண்மீன், வேகமாகச் சுழலும்போது துளி கோணலாக இருந்தாலே, சுழற்சி வேகத்தின் இரு மடங்கு அதிர்வெண்ணில் ஈர்ப்பலை எழும். அது இன்னும் எவருக்கும் அகப்படவில்லை. அகப்படாததிலும் செய்தி இருக்கிறது: சுமார் பத்து கிலோமீற்றர் ஆரமுள்ள சில விண்மீன்களில், இருக்கக்கூடிய மேடு ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கைத் தாண்டாது என்பது தெரிந்துவிட்டது. நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலைப் பக்கம் வாழும் நமக்கு அதை மலை என்று சொல்ல வாய் வராது.

இந்த ஓயாத அலையைத் தேட ஏராளமான கணினி நேரம் வேண்டும். ஏன்? 100 ஹேர்ட்ஸில் ஓர் அலை வருகிறது என்று வையுங்கள். பூமி விநாடிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் சூரியனைச் சுற்றுவதால், டொப்ளர் விளைவு அதை வருடம் முழுவதும் 0.01 ஹேர்ட்ஸ் வரை மேலும் கீழும் இழுக்கும். ஒரு வருடத் தரவோ ஹேர்ட்ஸின் மூன்று கோடியில் ஒரு பங்கைக்கூடப் பிரித்துக் காட்டும். திருத்தாமல் விட்டால் ஒரே சுருதி ஆறு லட்சம் கட்டங்களில் சிதறிப்போகும். திருத்தவோ விண்மீன் வானில் எங்கே என்று தெரிய வேண்டும். தெரியாதபோது ஒவ்வொரு திசைக்கும், சுழற்சி தளரும் ஒவ்வொரு வீதத்துக்கும் கணக்கைத் திரும்பச் செய்ய வேண்டும். அதனால் தரவைத் துண்டாக்கி, தனித்தனியே அலசி, பிறகு கூட்டுகிறார்கள். கூர்மை கொஞ்சம் குறையும், வேலை முடியும்.

ஏமாற்றும் இரைச்சலும் ஏராளம். லைகோவில் சரியாக ஒரு ஹேர்ட்ஸ் இடைவெளியில் வரிசையாக நின்ற கோடுகளைத் துரத்திப் போனால், நேரங்காட்டும் மின்சுற்றில் மின்னிய சிறு எல்இடி விளக்கில் போய் முடிந்தது. நண்டு நெபுலாவின் துடிவிண்மீன் (துடிப்பு துடிப்பாகத் தெரியும் நியூத்திரன் விண்மீன்) விநாடிக்கு 29.6 தடவை சுழல்வதால் அதன் அலை 59.2 ஹேர்ட்ஸில் வர வேண்டும். அமெரிக்க மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், பக்கத்து வீடு. நம் நாட்டு 50 ஹேர்ட்ஸாக இருந்திருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

2005இல் தொடங்கிய ஐன்ஸ்டைன் அட் ஹோம் (Einstein@Home) திட்டத்தில், உலகெங்கும் சும்மா கிடக்கும் கணினிகள் இக்கணக்கைப் பங்கிட்டுச் செய்கின்றன. 2010இல் அதில் சேர்ந்திருந்த வீட்டுக் கணினிகள் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ வானொலித் தொலைநோக்கித் தரவில் ஒரு புதிய துடிவிண்மீனைக் கண்டுபிடித்தன. மலையகப் பாடசாலைக் கணினிக் கூடங்களும் சேரலாம். அதிபரின் எழுத்து அனுமதி முதலில். பிறகு போயிங்க் (BOINC) என்ற இலவச மென்பொருளை நிறுவி, திட்டத்தைத் தெரிவுசெய்து, ஒரு மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கினால் போதும். சில வேலைகளுக்குக் கிராபிக்ஸ் கார்ட் கட்டாயம். அது இல்லாத கணினிக்கு ஏற்ற வேலை இருந்தால் மட்டும் வரும்.

அமைப்புகளை அப்படியே விடாதீர்கள். சீபியூ பயன்பாட்டை 50 வீதத்துக்கு இறக்குங்கள். மாணவர் கணினியைத் தொட்டதும் வேலை நிற்கும்படி வையுங்கள். டேட்டாவுக்கு உச்ச அளவு போடுங்கள். முதல் தரவிறக்கம்தான் பெரிது. கையிருப்பு வேலையை அரை நாளுக்கு மேல் வாங்கி வைத்தால், விடுமுறையில் கூடம் பூட்டியிருக்கும்போது கெடு தாண்டிவிடும். 100 வாட் இழுக்கும் கணினி பத்து மணித்தியாலத்தில் ஒரு யுனிட் தின்னும். பத்துக் கணினிகள் ஐந்து மணித்தியாலம் ஓடினால் நாளொன்றுக்கு ஐந்து யுனிட். பட்டியல் யார் பெயரில் வருகிறதோ அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நுவரெலியாக் குளிர் கணினிக்கு நல்லது, ஈரம் ஆகாது. மின்விசிறியில் தூசியும் ஈரமும் சேர்ந்து களியாகப் படியும். தவணைக்கு ஒருமுறை திறந்து துடையுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடி வரும் நாட்களில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். கரண்ட் போனால் பயமில்லை, கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து கணக்குத் தொடரும்.

ஒரே வேலை இரண்டு கணினிகளுக்குப் போகிறது. விடைகள் ஒவ்வாவிட்டால் மூன்றாவதுக்கு அனுப்புவார்கள். உங்கள் கணினியின் விடை அடிக்கடி செல்லாது என்று திரும்பினால், ராம் (RAM) நினைவக அட்டையைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பாருங்கள்.

இவண்,
உயர்தரப் பௌதிகவியல் கற்பிப்போர் சிலர்,
ஹட்டன்.